கடற்கரை ஊர்களில் அரசு ஆவணம் கேட்டு வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் வடக்கே எஸ்.பி.பட்டினம், தொண்டியில் தொடங்கி தெற்கே ரோச்மா நகர் வரைக்கும் உள்ள கடலோர ஊர்களில் மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பட்டா, தெருச் சாலை, தடைக்கால நிவாரணம், இறால் பண்ணை, குடிதண்ணீர் என்று விஷயம் வேறு வேறாக இருந்தாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். இங்கே சொல்வது 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படியான வழி. சுருக்கமாக எல்லோரும் ஆர்டிஐ என்பார்கள்.

இந்தச் சட்டப்படி யார் கேட்கலாம்?

இந்தியக் குடிமக்கள் யாரும் கேட்கலாம். பாம்பனில் நடந்த வேலையைப் பற்றித் திருப்பூரில் வேலை பார்க்கும் உங்கள் மகனும் கேட்கலாம். சங்கத்தின் லெட்டர் பேடில் போட்டால் சில அலுவலகங்களில் "தனிநபர் மட்டுமே கேட்க முடியும்" என்று திருப்பிவிடுவார்கள். அதனால் சங்கத் தலைவரோ செயலாளரோ தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்புவதே நல்லது.

எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டுமா?

வேண்டாம். பிரிவு 6(2) இதைத் தெளிவாகச் சொல்கிறது. பதில் அனுப்ப ஒரு முகவரி மட்டும் கொடுத்தால் போதும். "உங்களுக்கு எதுக்கு இது?" என்று கவுன்டரில் கேட்டால், பிரிவு எண்ணைச் சொல்லிவிட்டு மனுவை நீட்டுங்கள். வாக்குவாதம் தேவையில்லை.

எங்கள் ஊருக்கு எந்த அலுவலகம்? இதில்தான் எப்போதும் குழப்பம்.

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிறைய மனுக்கள் வீணாவது இந்த இடத்தில்தான்.

முதலில் உங்கள் ஊர் எந்த வகை உள்ளாட்சி என்று பாருங்கள். ராமேசுவரமும் கீழக்கரையும் நகராட்சிகள். மண்டபம், தொண்டி, சாயல்குடி பேரூராட்சிகள். பாம்பனும் தங்கச்சிமடமும் எவ்வளவு பெரிய ஊராக இருந்தாலும் கிராம ஊராட்சிகள், மண்டபம் ஊராட்சி ஒன்றியத்தில் வருபவை. நகராட்சி என்றால் நகராட்சி அலுவலகத்துக்கும், பேரூராட்சி என்றால் அந்த அலுவலகத்துக்கும் எழுதுங்கள். கிராம ஊராட்சி என்றால் ஒன்றியத்தில் உள்ள வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகத்துக்கு எழுதுவது வசதி. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தபோது, "தலைவரே இல்லை, யாரிடம் கேட்பது?" என்று பலர் நினைத்தார்கள். தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பில் எல்லாம் அலுவலகத்தின் சொத்து. அவை எங்கும் போகாது.

அடுத்தது நிலம். கடற்கரையில் ஒரே மணல்மேட்டுக்கு நான்கு அலுவலகங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நிலம் புறம்போக்கா பட்டாவா என்பது வருவாய்த் துறை, அதாவது விஏஓ, தாலுகா ஆபீஸ். அதில் கட்டிய மீன் ஏலக்கூடம், வலை பின்னும் கூடம், தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல் தடுப்பு) எல்லாம் மீன்வளத் துறை. அங்கே கட்டடம் கட்டலாமா கூடாதா என்பது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை சம்பந்தப்பட்டது. அதன் கோப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்திலும் கலெக்டர் ஆபீஸிலும் இருக்கும். கரைக்கு எதிரே உள்ள தீவு என்றால் வனத்துறை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அதற்குரிய வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் தங்களிடம் வசூலித்த அபராதம் பற்றியோ பறிமுதல் செய்த பொருள் பற்றியோ கேட்க வேண்டிய இடம் அதுதான். தாலுகா ஆபீஸில் கேட்டால் பதில் கிடைக்காது.

குடிநீர் என்றால், காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மெயின் குழாய் வரைக்கும் குடிநீர் வடிகால் வாரியம். ஊருக்குள் தெருக்குழாய் ஊராட்சியோ நகராட்சியோ. "எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் விடப்பட்டது" என்ற பதிவேட்டை வாரியத்திடமும், "எந்தத் தெருவுக்கு எந்த நாளில் திறந்தார்கள்" என்பதை உள்ளாட்சியிடமும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தண்ணீர் எங்கே நின்றது என்று புரிந்துவிடும்.

பாம்பன் ரயில் பாலம், ரயில்வே நிலம் ஆகியவை தெற்கு ரயில்வே. அது மத்திய அரசு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையமும் அப்படித்தான். வாலிநோக்கத்தில் உள்ள உப்பு நிறுவனம் தமிழ்நாடு அரசினுடையது. அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால்?

பயப்பட வேண்டாம். பிரிவு 6(3)-ன்படி, வாங்கிய அலுவலகமே ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டு உங்களுக்கும் தகவல் சொல்ல வேண்டும். "இது எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று மனுவை உங்களிடமே திருப்பித் தருவது சட்டப்படி சரியில்லை. ஆனாலும் ஒரே மனுவில் மூன்று துறைக் கேள்விகளைக் கலக்காதீர்கள். துறைக்கு ஒரு மனு, மனுவுக்குப் பத்து ரூபாய் என்று போனால் வேலை சுலபம்.

மனுவில் என்ன எழுதுவது? நாங்கள் கேட்டால் "கேள்வி தெளிவாக இல்லை" என்றே பதில் வருகிறது.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

"ஏன்" என்று கேட்காதீர்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

"எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை?" என்று எழுதினால், அது விளக்கம் கேட்பது, தகவல் இல்லை என்று தள்ளிவிட முடியும். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத் தரத்தான் சட்டம் சொல்கிறது. புதிதாகக் காரணம் யோசித்து எழுதித் தரச் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றமும் 2011-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரிய (சிபிஎஸ்இ) வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது. அதே விஷயத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "2024-25-ல் இந்த ஊராட்சியில் சாலைப் பணிக்கு எடுக்கப்பட்ட தெருக்களின் பட்டியல், அந்தத் தேர்வுக்கான தீர்மானத்தின் நகல்." இப்போது தட்டிக்கழிக்க இடமே இல்லை. உங்கள் தெரு ஏன் விடுபட்டது என்பதற்கான பதிலும் அந்தத் தீர்மானத்திலேயே பெரும்பாலும் இருக்கும்.

ஒரு மாதிரி:

அனுப்புநர்: பெயர், தபால் முகவரி.
பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகம், ______ ஊராட்சி ஒன்றியம்.
பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் ஆவண நகல்கள் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,
______ ஊராட்சி, ______ தெருவில் 2024-25 நிதியாண்டில் போடப்பட்ட சிமெண்ட் சாலை தொடர்பாகக் கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றிட்ட நகல்களைக் கோருகிறேன்.
1. பணிக்கான நிர்வாக அனுமதி ஆணை
2. மதிப்பீடு (எஸ்டிமேட்)
3. ஒப்பந்ததாரருக்கு வழங்கிய பணி ஆணை
4. அளவுப் புத்தகத்தில் (எம் புக்) இந்தப் பணிக்குரிய பக்கங்கள்
5. பட்டுவாடா செய்த பில், வவுச்சர்
6. மேற்படி கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும்
கட்டணம் ரூ.10-க்கான கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டப்பட்டுள்ளது. நகல் கட்டணம் எவ்வளவு என்று தெரிவித்தால் செலுத்தத் தயார்.
இப்படிக்கு, கையெழுத்து, தேதி.

இதற்கென்று தனி அச்சுப் படிவம் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலும் செல்லும். அதிகாரியின் பெயரைப் போடாதீர்கள், அவர் மாறிப் போயிருப்பார். "பொதுத் தகவல் அலுவலர்" என்பது போதும்; அந்த அலுவலகத்தில் ஆர்டிஐ மனுக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் உள்ளவர் அவர். கோபம், குற்றச்சாட்டு, ஊழல் என்ற வார்த்தை எதுவும் இந்த மனுவில் வேண்டாம். அதற்குரிய மனுவை ஆவணம் கைக்கு வந்தபிறகு எழுதலாம்.

எம் புக் என்கிறீர்களே, அதில் என்ன இருக்கும்?

உள்ளூர் வேலை எதற்கும் இதுதான் முக்கியமான காகிதம். போட்ட வேலையை இன்ஜினியர் அளந்து எழுதும் புத்தகம். ஒவ்வொரு வரியிலும் வேலையின் பெயர், எண்ணிக்கை, நீளம், அகலம், கனம், கடைசியில் மொத்த அளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். கீழே அளந்தவரின் கையெழுத்தும் தேதியும் இருக்கும். மேலதிகாரி சரிபார்த்த குறிப்பும் இருக்க வேண்டும். இந்த அளவை வைத்துத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

நகல் வந்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். நீளமும் அகலமும் அளப்பது எளிது. கனம்தான் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். நம் ஊர்களில் அதுவும் தெரியும்: மணல் தெருவில் காற்றும் மழைத்தண்ணீரும் அரித்து, சிமெண்ட் சாலையின் ஓரம் ஏதாவது ஓரிடத்தில் வெளியே நிற்கும். அங்கே ஸ்கேலை நிறுத்தி வைத்து ஒரு படம் எடுங்கள். எம் புக்கில் கனம் 0.15 என்று இருந்தால் பதினைந்து சென்டிமீட்டர் என்று அர்த்தம். ஸ்கேலில் எட்டோ ஒன்பதோதான் வருகிறது என்றால் அடுத்து என்ன கேட்பது என்று உங்களுக்கே தெரியும். சட்டத்தின் 2(ஜெ) பிரிவு பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கவும் உரிமை தருகிறது.

கட்டணம் எவ்வளவு? எப்படிக் கட்டுவது?

மாநில அரசு அலுவலகங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுவதுதான் சுலபம். ரொக்கமாகவோ டிடியாகவோ கூடக் கட்டலாம். ரொக்கம் கட்டினால் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். மத்திய அரசு அலுவலகங்களுக்கு அதே 10 ரூபாய்க்குத் தபால் ஆபீஸில் போஸ்டல் ஆர்டர் எடுத்து இணைக்கலாம். அங்கே தமிழ்நாட்டு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் செல்லாது.

நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். நேரில் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் சிறு கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எந்தக் கட்டணமும் இல்லை. அதற்கான சான்றின் நகலை இணைத்தால் போதும். முப்பது நாளுக்குள் தகவல் தராமல் தாமதித்தால், அப்புறம் எத்தனை பக்கம் என்றாலும் இலவசமாகத்தான் தர வேண்டும். இது பிரிவு 7(6).

நிறைய பக்கம் வரும் என்று தோன்றினால் முதலில் நேரில் பார்வையிடக் கேளுங்கள். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வேண்டிய பக்கங்களை மட்டும் குறித்துக்கொடுத்து நகல் வாங்குவது செலவையும் மிச்சப்படுத்தும். கண்ணில் படாமல் போயிருக்க வேண்டிய குறிப்பு ஒன்று கண்ணில் படவும் வாய்ப்பு உண்டு.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்?

வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர எல்லா உதவியும் செய்வது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. பிரிவு 6(1)-லேயே இது இருக்கிறது. கருவாடு காயப்போடும் இடத்துக்காகப் போராடும் அக்காமார்களும் பாசிக்குப் போகும் பெண்களும் "எழுதத் தெரியாது" என்று தயங்கி நின்றுவிடுகிறார்கள். தயங்கவே வேண்டாம். கைரேகை வைத்தாலும் மனு மனுதான். தமிழில் எழுத முழு உரிமை உண்டு.

நேரில் கொடுப்பதா, தபாலா, ஆன்லைனா?

நேரில் கொடுத்தால் உங்கள் கைப்பிரதியில் தபால் பிரிவின் தேதி முத்திரையும் ஒரு கையெழுத்தும் வாங்குங்கள். முத்திரை இல்லாத பிரதி, மேல்முறையீட்டில் உங்களுக்கு உதவாது. தபால் என்றால் டெலிவரி ஆனதற்கு அத்தாட்சி கிடைக்கும்படி அனுப்புங்கள். 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டதால், கவுன்டரில் ஸ்பீடு போஸ்ட் என்று கேட்டு ஒப்புகையும் வேண்டும் என்று சொல்ல வேண்டும். மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் தனித்தனி ஆர்டிஐ ஆன்லைன் தளங்கள் உள்ளன. உங்களுக்கு வேண்டிய அலுவலகம் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் தபால்தான் நல்லது.

எத்தனை நாளில் பதில் வரும்?

மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள். மூன்றாம் நபர் சம்பந்தப்பட்டிருந்து அவரிடம் கருத்துக் கேட்க வேண்டியிருந்தால் 40. ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம்.

கடலுக்குப் போனவர் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டிருக்கிறார். அந்த 48 மணி நேர விதி உதவுமா?

ஆர்டிஐ மனுவை மட்டும் நம்பி உட்காராதீர்கள். முதலில் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் நேரில் போங்கள். அதோடு கூடவே, ஒருவரின் சுதந்திரம் சம்பந்தப்பட்டது, பிரிவு 7(1)-ன் கீழ் 48 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்று காரணத்தையும் எழுதி மனு கொடுக்கலாம். அரசு எந்தத் தேதியில் யாருக்குக் கடிதம் எழுதியது என்பதன் நகலைக் கேளுங்கள். தூதரக நடவடிக்கை வெளியுறவுத் துறையிடம் இருக்கிறது, அது மத்திய அரசு. பிடிபட்ட படகு, நிவாரணம் ஆகியவை பற்றிய கோப்பு மாநில மீன்வளத் துறையிடம். இரண்டுக்கும் தனித்தனி மனு.

மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பட்டியலைக் கேட்டால் "தனிநபர் தகவல்" என்கிறார்களே?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதற்கான நிவாரணம் யாருக்குப் போனது, யாருக்கு விடுபட்டது என்பது ஒவ்வொரு ஊரிலும் பெரிய பிரச்சினை.

பிரிவு 8(1)(ஜெ) தனிநபர் தகவலுக்கு விலக்குத் தருகிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் அந்தப் பிரிவு முன்பைவிட இறுக்கமாகிவிட்டது. பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே முன்பு இருந்த வாசகம் போய்விட்டது. ஏழை மக்களின் கையிலிருந்து ஒரு நல்ல கருவியைப் பிடுங்கியதுபோல என்று நான் கருதுகிறேன்.

ஆனாலும் கதவு முழுக்க அடைபடவில்லை. இரண்டு வாதங்களை மனுவிலேயே எழுதுங்கள். ஒன்று, பிரிவு 4-ன்படி மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அலுவலகம் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். இரண்டு, பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது: கெடுதியைவிடப் பொதுநலன் பெரிது என்றால் விலக்கு உள்ள தகவலையும் தரலாம். கேட்கும்போதே ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், போன் எண் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். ஊர் வாரியாக எத்தனை பேருக்கு, மொத்தம் எவ்வளவு, எத்தனை விண்ணப்பம் தள்ளுபடி, அதன் காரணம் என்று கேட்டால் அதில் தனிநபர் தகவலே கிடையாது. அதை மறுக்க முடியாது. உங்கள் சொந்த விண்ணப்பத்தின் நிலையைக் கேட்டாலும் இந்த விலக்கு உங்களைத் தொடாது.

மீனவர் கூட்டுறவு சங்கத்தின் கணக்கைக் கேட்கலாமா?

சங்கத்திடம் நேரடியாகக் கேட்டால் "நாங்கள் பொது அதிகார அமைப்பு இல்லை, இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. கேரளத்தின் தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதே தீர்ப்பில், கூட்டுறவுப் பதிவாளர் சட்டப்படி சங்கத்திடமிருந்து வாங்கக்கூடிய தகவலை அவரிடம் கேட்டுப் பெறலாம் என்றும் இருக்கிறது. மீனவர் சங்கங்களுக்கு அந்தப் பொறுப்பு மீன்வளத் துறையிடமே இருக்கிறது. எனவே சங்கத்தை விட்டுவிட்டு, மீன்வளத் துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள்: சங்கத்தின் கடைசித் தணிக்கை அறிக்கை, உறுப்பினர் எண்ணிக்கை, சங்கம் வழியாகப் போன திட்டத் தொகை.

இறால் பண்ணைக்கு அனுமதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இல்லாமல் கரையோரத்தில் பண்ணை நடத்த முடியாது. 2005-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்திய ஆணையம் அது. பதிவு விண்ணப்பம் மாவட்ட அளவில் மீன்வளத் துறை வழியாகத்தான் போகிறது. சர்வே எண் குறிப்பிட்டுப் பதிவுச் சான்றின் நகல், இட ஆய்வு அறிக்கையின் நகல் இரண்டையும் கேளுங்கள். சர்வே எண் இல்லாமல் "ஊருக்கு மேற்கே உள்ள பண்ணை" என்று எழுதினால் பதில் வராது.

நிலப் பத்திரம், பட்டாவுக்கும் ஆர்டிஐ போட வேண்டுமா?

அவசியமில்லை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்திலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறைத் தளத்திலும் பார்க்கலாம். பத்திர நகலுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டுவதே நேர்வழி.

ஆர்டிஐ தேவைப்படுவது பழைய பதிவுகளுக்கு. தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் கடலோரக் குடியிருப்பு திடீரென்று "கடற்கரைப் புறம்போக்கு" என்று காட்டப்படும்போது, முன்பு என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். 1980-களில் நடந்த யுடிஆர் (நில உடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும்) திட்டத்தின்போது பல இடங்களில் வகைப்பாடு மாறியது. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டை, அதாவது நிலத்தை வகைப்படுத்தி வரி நிர்ணயித்தபோது எழுதியதை, கேளுங்கள். ராமநாதபுரத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இது சேதுபதிகளின் ஜமீன் பகுதி. 1948-ம் ஆண்டின் 26-வது சட்டத்தால் ஜமீன் ஒழிந்த பிறகுதான் இங்கே அரசின் செட்டில்மென்ட் நடந்தது. அதனால் அதற்கு முந்தைய அரசுப் பதிவேடு தாலுகா ஆபீஸில் கிடைப்பது கடினம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு மனு அனுப்பிப் பாருங்கள்.

"கோப்பு காணவில்லை" என்று பதில் வந்தால்?

சட்டத்தில் தகவல் மறுப்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் "காணவில்லை" என்பது கிடையாது. மேல்முறையீட்டில் இதைச் சொல்லுங்கள். கோப்பு கடைசியாக யார் பொறுப்பில் இருந்தது, தேட என்ன செய்தார்கள், காணவில்லை என்று புகார் கொடுத்தார்களா என்று புதிய மனுவும் போடுங்கள். இந்த இரண்டாவது மனு போன பிறகு பல கோப்புகள் கிடைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பதிலே வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்தது. அடுத்து?

அதே அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு மேல் உள்ளவர் முதல் மேல்முறையீட்டு அலுவலர். 30 நாள் முடிந்தும் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள், பதில் வந்தும் திருப்தி இல்லை என்றால் அது கையில் கிடைத்த 30 நாளுக்குள் அவருக்கு எழுத வேண்டும். கட்டணம் இல்லை. அவர் 30 நாளில், தவறினால் காரணம் எழுதி 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அதிலும் தீரவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. மத்திய அரசு அலுவலகம் என்றால் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். முதல் மனு, ஒட்டிய ஸ்டாம்ப் தெரியும்படி அதன் நகல், தபால் அத்தாட்சி, வந்த பதில், முதல் மேல்முறையீடு எல்லாவற்றையும் தேதி வரிசையில் இணையுங்கள். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அது அவருடைய சொந்தப் பணம். ஆணையத்தில் விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் முதல் மனுவைத் தெளிவாக எழுதுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மனு போட்டதற்கு ஊரில் மிரட்டுகிறார்கள்.

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மிரட்டல் வந்த உடனே தேதி நேரத்தோடு எழுதிவைத்து, போலீஸில் புகார் கொடுத்து மனு ஏற்புச் சான்று வாங்குங்கள். ஒருவர் மட்டும் தனியாக நிற்காமல் நாலைந்து பேர் தனித்தனியாக அதே ஆவணத்தைக் கேட்டால் குறிவைக்க ஆள் கிடைக்காது. வெளியூரில் இருக்கும் உறவினர் பெயரிலும் கேட்கலாம். வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுத்தாலும் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஆவணம் கைக்கு வந்துவிட்டது. இனி?

முதலில் இரண்டு செட் நகல் எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். அப்புறம் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். காகிதத்துக்கும் தரைக்கும் வித்தியாசம் இருந்தால் அதைத் தேதி, அளவு, படத்தோடு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கிராம ஊராட்சி என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் எழுந்து நின்று வாசியுங்கள்; நீங்கள் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். நிலம் சம்பந்தப்பட்டது என்றால் ஜமாபந்தி (தாலுகாவில் ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) நல்ல இடம், தாலுகாவின் கணக்குகள் எல்லாம் அன்றைக்கு மேஜைக்கு வரும். மீன்வளத் துறை விஷயத்துக்குக் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மீனவர் குறைதீர்க் கூட்டம், மற்றவற்றுக்குத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள். எங்கே கொடுத்தாலும் ஆர்டிஐ-யில் வந்த பக்கத்தின் நகலை மேலே வைத்து, சான்றிட்ட மூலப் பிரதியை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மனு எண்ணை வாங்கிக் குறித்துவையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த எண் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேட்க அடுத்த பத்து ரூபாய் ஸ்டாம்ப் தேவைப்படலாம்.